கடல்நாயா, நீர்நாயா?

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஸ்கோமர் தீவைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைத் தமிழ்க் குரலில் பார்த்தேன். பாறையிடுக்கில் வெண்மயிர் போர்த்த குட்டி ஒன்று தாயின் வயிற்றை முட்டிமுட்டிப் பால் தேடிக்கொண்டிருக்க, பின்னணிக் குரல் அதை ‘நீர்நாய்க் குட்டி’ என்றது. ஒருமுறை என்றால் வாய்தவறியது எனலாம். படம் முடியும்வரை அதே பெயர்தான், இதற்கு முன் பார்த்த இரண்டு படங்களிலும் அப்படித்தான்.

அது சீல், அதிலும் சாம்பல்நிறச் சீல். விலங்கைக் குறிக்கும் இந்த ஆங்கிலச் சொல் பழைய ஆங்கிலத்திலிருந்து வந்தது. முத்திரையைக் குறிக்கும் சீல் இலத்தீன் வழியில் வந்த வேறு சொல். (இரண்டையும் குழப்பிப் ‘பாறைமேல் முத்திரைகள் படுத்திருந்தன’ என்று கணினி மொழிபெயர்ப்பதை மன்னித்துவிடலாம், அது சிரிக்கவாவது வைக்கிறது.) தமிழில் இதற்குக் கடல்நாய் என்ற பெயர் உண்டு. செருமானியரும் டச்சுக்காரரும் தத்தம் மொழிகளில் கடல்நாய் என்றே சொல்கிறார்கள்.

நீர்நாயோ நமக்குச் சங்க காலத்திலிருந்தே தெரிந்த விலங்கு. வாளை மீனை அன்றைய இரையாகப் பெறும் நீர்நாயைக் குறுந்தொகை காட்டுகிறது. நான்கு கால்களும் நீண்ட வாலும் கொண்டு ஆற்றங்கரையில் ஓடும் அதன் பெயரை, கால்களெல்லாம் துடுப்பாகிவிட்ட, தரையில் வயிற்றால் நகரும் ஒரு விலங்குக்குச் சூட்டினால், ஈராயிரம் ஆண்டுப் பழஞ்சொல்லின் பொருளும் கலங்கிப்போகும். ‘கடலும் நீர்தானே’ என்பார்கள். அப்படியானால் ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்துத் தீவுகளுக்கு வாருங்கள்: அங்கே நீர்நாய்கள் கடலில் இறங்கி மீன் பிடிக்கின்றன, அதே கரையில் சீல்களும் படுத்துக் கிடக்கின்றன. இரண்டும் ஒரே காட்சியில் வந்தால் மொழிபெயர்ப்பாளர் எதை எப்படி அழைப்பார்? நாயல்லாத விலங்குக்கு நாய்ப்பெயர் எதற்கு என்பாரும் உளர். ஊனுண்ணிகளில் நாய்க்கும் கரடிக்கும் உறவான கிளையைச் சேர்ந்ததே சீல் என்பதால், அப்பெயர் அவ்வளவு அந்நியமன்று.

கடற்சிங்கம் என்பதும் இதற்குப் பொருந்தாது. அதற்கு வெளிக்காது மடல் உண்டு, பின்துடுப்புகளை முன்னோக்கி மடக்கி நடக்கவும் இயலும்; சாம்பல்நிறச் சீலுக்கு இரண்டும் இல்லை.

கண்டிப்பான இலக்கணக்காரர் கடல்நாயைப் புணர்த்திக் ‘கடனாய்’ என்று எழுதச் சொல்லலாம். கடன் வாங்கிய பொருளைப்போல் ஒலிக்கும் அந்த வடிவம் வேண்டாம். கடல்நாய் என்று பிரித்தே எழுதுவோம்.