1729-க்கு ஒரு தொடுகோடு

கும்பகோணத்தில் சாரங்கபாணி சன்னிதித் தெரு வழியாகப் போனால், கணித மேதை ராமானுஜன் வாழ்ந்த வீட்டைத் தாண்டும்போது, அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட 1729 நினைவுக்கு வராமல் இருக்காது. இரண்டு நேர்ம முழு எண்களின் கனங்களைக் கூட்டி, இரண்டு விதமாக எழுத முடிகிற எண்களில் மிகச் சிறியது: 1 + 1728, 729 + 1000. இதையே எக்ஸ்³ + ஒய்³ = 1729 என்று எழுதினால் ஒரு வளைகோடு கிடைக்கும். (1, 12), (9, 10) இரண்டும் அதன் மேல் இருக்கும் புள்ளிகள்.

(9, 10)-ல் ஒரு தொடுகோடு வரைய வேண்டும். அதற்கு அங்கே சாய்வு எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஒய்-ஐத் தனியே பிரித்து வகையிடலாம், அதாவது எக்ஸ் சற்று மாறினால் ஒய் எந்த வீதத்தில் மாறுகிறது என்று கணக்கிடலாம்; அந்த வீதம்தான் சாய்வு. கனமூலம் வந்து நிற்கும், அவ்வளவுதான். ஆனால் வலப்பக்கம் 1729-க்குப் பதில் 6எக்ஸ்ஒய் இருந்தால்? பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். 1638-ல் பிரெஞ்சுக் கணித மேதை டெகார்ட், இன்னொரு பிரெஞ்சுக் கணித மேதையான ஃபெர்மாவுக்குச் சவாலாக விட்டது இந்த வகை வளைகோட்டைத்தான். ஃபெர்மா அசரவில்லை.

பிரிக்கவே வேண்டாம் என்பதுதான் உட்படு சார்பு வகையிடலின் அழகு. எக்ஸ் மாறினால் ஒய்-யும் கூடவே மாறும் என்று வைத்துக்கொண்டு, சமன்பாட்டை அப்படியே இருபுறமும் வகையிடுகிறோம். எக்ஸ்³ என்பது 3எக்ஸ்² ஆகும். 1729 மாறாத எண், அதனால் 0. ஒய்³-ல்தான் பலர் சறுக்குவார்கள். மேட்டூரில் திறப்பது கூடினால் கல்லணைக்கு வருவது கூடும். அங்கே கூடினால்தான் நம்ம வாய்க்காலில் கூடும். அதேபோல எக்ஸ்-இன் மாற்றம் ஒய் வழியாகத்தான் ஒய்³-ஐ எட்டுகிறது. ஆகவே 3ஒய்² மட்டும் போதாது, அதைச் சாய்வாலும் பெருக்க வேண்டும். சங்கிலி விதி என்பது இதுதான்.

3எக்ஸ்² + 3ஒய்² × சாய்வு = 0

சாய்வு = −எக்ஸ்²/ஒய்²

(9, 10)-ல் இது −81/100. தொடுகோடு: ஒய் − 10 = −0.81(எக்ஸ் − 9). (1, 12)-ல் சாய்வு வெறும் −1/144, கிட்டத்தட்ட படுத்தே கிடக்கிறது. ஒய் = 0 ஆகும் இடத்தில் கீழ்ப்பகுதி பூஜ்யமாகிறது; பயப்பட வேண்டாம், அங்கே தொடுகோடு செங்குத்தாக நிற்கிறது.

சரி, சாய்வு கிடைத்தது, அப்புறம் என்ன? எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். (9, 10)-ல் வரைந்த கோட்டை நீட்டினால் வளைகோட்டை இன்னோர் இடத்திலும் வெட்டும். கோட்டின் சமன்பாட்டை வளைகோட்டில் போட்டால் ஒரு முப்படிச் சமன்பாடு வரும். தொடும் இடம் இரட்டை மூலம் என்பதால் அதில் இரண்டு மூலங்கள் 9, 9. மூன்று மூலங்களின் கூட்டுத்தொகை ஒரு பின்னம், எனவே மூன்றாவதும் பின்னமாகத்தான் இருக்க முடியும். கணக்குப் போட்டால்:

எக்ஸ் = −24561/271, ஒய் = 24580/271

அதாவது 24580³ − 24561³ = 1729 × 271³. இந்தப் புதுப் புள்ளியில் மறுபடி தொடுகோடு வரைந்தால் இன்னொரு பின்ன விடை. அங்கிருந்து அடுத்தது. எண்கள் மளமளவென்று பெருத்துக்கொண்டே போகும். ஒருமுறை வந்த புள்ளி மறுபடி வராது.