நாட்டு வெடியில் காயம்பட்டவர்கள் எஃப்.ஐ.ஆரில் பார்க்க வேண்டிய ஒரு வரி

பழைய இரும்புக் கடையில் சாமான் பிரிக்கும் அக்கா ஒருவர். குப்பையோடு வந்த, நூல் சுற்றிய உருண்டை ஒன்றை என்னவோ என்று பிரித்திருக்கிறார். காட்டுப்பன்றிக்கு வைக்கிற அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடி அது. வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. ஸ்டேஷனில் தந்த எஃப்.ஐ.ஆரில் ‘பட்டாசு வெடித்து விபத்து’ என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காக எட்டு மாதம் அலைந்தார்.

குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு அரசு இழப்பீடு தர வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் (சி.ஆர்.பி.சி.) பிரிவு 357ஏ, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் பிரிவு 396. சட்டம் இவ்வளவுதான். சிக்கல் ‘குற்றத்தால்’ என்ற சொல்லில் இருக்கிறது. விபத்து என்று பதிவானால் மனு அங்கேயே நின்றுவிடும். அதனால் கையெழுத்துப் போடும் முன் புகாரை முழுக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ‘நாட்டு வெடி’ என்ற சொல் அதில் இருக்க வேண்டும். 1908-ஆம் ஆண்டு வெடிபொருட்கள் சட்டப் பிரிவு சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், அதற்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

‘எங்க லிமிட் இல்லை’ என்று திருப்பி அனுப்பினால் நம்பாதீர்கள். எந்த ஸ்டேஷனும் புகாரை வாங்கியே ஆக வேண்டும். மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

தனியார் ஆஸ்பத்திரியில் ‘போலீஸ் கேஸ், ஜி.ஹெச். போங்க’ என்பார்கள். போலீஸ் நடைமுறைக்காகக் காத்திருக்காமல் உயிரைக் காப்பாற்றச் சிகிச்சை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. முப்பது வருஷம் தாண்டியும் வாசலில் நின்று இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுக்குக் கிளம்பும் முன் ஏ.ஆர். காப்பி, அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல், கேட்டு வாங்குங்கள். காயம் எப்படி வந்தது என்று அதில் எழுதியிருப்பது எஃப்.ஐ.ஆரோடு ஒத்துப்போக வேண்டும்.

இழப்பீட்டு மனுவைக் கலெக்டர் ஆபீஸில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். போக வேண்டிய இடம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, பெரும்பாலும் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். ‘வெடி வச்சவன் கிடைக்கட்டும், அப்புறம் பாக்கலாம்’ என்பார்கள். ஆள் யாரென்றே தெரியாவிட்டாலும் மனு போடலாம், சட்டமே சொல்கிறது. விசாரணையை இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும். உடனடிச் செலவுக்கு இடைக்கால நிவாரணமும் கேளுங்கள், கேட்காமல் யாரும் தருவதில்லை. பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் வக்கீல் இலவசம். சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

2020-ல் திருச்சி மாவட்டம் தொட்டியம் பக்கம் மீன் பிடிக்க வைத்திருந்த வெடியைத் தின்பண்டம் என்று கடித்து ஆறு வயதுப் பையன் இறந்தான். நூலோ டேப்போ சுற்றிய உருண்டை எங்கே கிடந்தாலும் தொடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், கம்பால் தள்ளாதீர்கள். பிள்ளைகளை அப்புறப்படுத்தி, தள்ளி நின்று 112-க்குச் சொல்லுங்கள். வெடித்த இடத்தில் இன்னொன்று கிடக்கலாம், கூட்டம் சேர விடாதீர்கள். அந்த இடத்தைக் கூட்டிக் கழுவவும் வேண்டாம். பட்டாசு இல்லை, நாட்டு வெடிதான் என்று காட்ட அங்கே சிதறிக் கிடப்பதுதான் சாட்சி.