இத்தா முடிந்தாலும் ஜீவனாம்சம் உண்டு

முஸ்லிம் கணவர்கள் சிலர் தலாக் (விவாகரத்து) கொடுத்துவிட்டு, இத்தா காலத்துச் செலவுக்கு, அதாவது விவாகரத்துக்குப் பின் பெண் மறுமணம் செய்யாமல் காத்திருக்கும் காலத்துச் செலவுக்கு, ஒரு தொகையைக் கையில் வைத்து, "இதோடு கணக்கு முடிந்தது" என்று சொல்லிவிடுகிறார்கள். பல பெண்கள் அதை நம்பியும் விடுகிறார்கள். இந்தியச் சட்டப்படி அது தவறு.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. 1985இல் இந்தூரைச் சேர்ந்த ஷா பானு என்ற முதிய பெண்ணுக்கு உச்ச நீதிமன்றம் ஜீவனாம்சத்தை உறுதிசெய்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 1986இல் முஸ்லிம் பெண்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. இத்தா காலத்தோடு கணவரின் பொறுப்பு தீர்ந்தது என்று பலரும் அதற்குப் பொருள் சொன்னார்கள். 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: அந்தப் பெண்ணின் எதிர்காலத்துக்கும் சேர்த்துக் கணவர் ஏற்பாடு செய்ய வேண்டும், அதை இத்தா முடிவதற்குள் செய்துவிட வேண்டும். மஹர் (திருமணத்துக்காகக் கணவர் மனைவிக்குத் தர ஒப்புக்கொண்ட தொகை) பாக்கி, கல்யாணத்தில் வந்த நகை, பொருள்கள் இதில் சேராது; அவற்றைத் தனியாகக் கேட்கலாம்.

அப்புறம் உச்ச நீதிமன்றத்தின் 2024 ஜூலை 10 தீர்ப்பு. எல்லா மதப் பெண்களுக்கும் பொதுவான குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 125இன் கீழும் முஸ்லிம் பெண் ஜீவனாம்சம் கேட்கலாம், 1986 சட்டம் அதைத் தடுக்காது என்றது. அந்தப் பிரிவு இப்போது, பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவு. தன்னைப் பராமரித்துக்கொள்ள முடியாத, மறுமணம் செய்யாத பெண் இதில் மனு போடலாம். முத்தலாக் (ஒரே நேரத்தில் மூன்று முறை தலாக்) சொல்லப்பட்டவருக்கு, அதைத் தடைசெய்த 2019 சட்டத்தின் கீழும் பிழைப்பூதியம் உண்டு, பிள்ளைகளுக்கும் சேர்த்து.

மனுவை நீங்கள் வசிக்கும் ஊருக்குரிய நீதிமன்றத்திலேயே போடலாம். கணவரின் ஊருக்கு அலைய வேண்டாம். நிக்காஹ் (திருமண) பதிவு, தலாக் கடிதம் இருந்தால் அது, கணவரின் வருமானத்துக்கு ஏதாவது ஆதாரம் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். இடைக்கால ஜீவனாம்சத்தை மறக்காமல் கேளுங்கள். கணவருக்கு நோட்டீஸ் போய் 60 நாளுக்குள் அதைக் கூடுமானவரை முடிவு செய்ய வேண்டும் என்பது விதி. வக்கீலுக்குப் பணமில்லையா? மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி கிடைக்கும்.

ஜமாத்தில் (ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்தில்) பேசிப் பார்ப்பதும் சரிதான். ஆனால் அங்கே பெரும்பாலும் ஆண்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். புதுக்கோட்டையில் பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்றே தனி ஜமாத் தொடங்கியது அதனால்தான். ஜமாத்தில் எழுதி வாங்குவதற்கு நீதிமன்ற உத்தரவின் பலம் கிடையாது. உத்தரவு கையில் இருந்தும் கணவர் பணம் தராவிட்டால் ஓராண்டுக்குள் நீதிமன்றத்தில் சொல்லுங்கள். பாக்கி வைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம்.