புரதமாகாச் சிறு ஆர்.என்.ஏ.

மதுரையில் நுண்ணுயிரியல் படிக்கும் அண்ணன் மகள், பாக்டீரியாக்களில் உள்ள 'நான்-கோடிங்' சிறு ஆர்.என்.ஏ.க்களைப் பற்றி எழுதும்போது, 'நான்-கோடிங்' என்பதைக் 'குறியீடற்ற' என்று தமிழாக்கியிருந்தாள். ஆர்.என்.ஏ. என்பது மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் எழுத்துச் சரம். பிறகு அவளே கேட்டாள்: "குறியீடே இல்லாத ஆர்.என்.ஏ.வுக்குக் கிருமிக்குள் என்ன வேலை, சித்தப்பா?" சொல் பிழையென்று அந்தக் கேள்வியே காட்டிவிட்டது.

இந்தச் சிறு ஆர்.என்.ஏ.க்களின் நீளம் பெரும்பாலும் 50 முதல் 500 எழுத்துகள். இங்கே எழுத்து என்பது நியூக்ளியோடைடு, அதாவது ஆர்.என்.ஏ. சங்கிலியின் ஒரு கண்ணி. மரபணுவின் செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ. புரதமாக வாசிக்கப்படும், இவை அப்படி வாசிக்கப்படுவதில்லை. 'நான்-கோடிங்' என்பதன் பொருள் அவ்வளவுதான். தம்மோடு இணைசேரும் எழுத்துகள் கொண்ட தூது ஆர்.என்.ஏ.வைத் தேடி ஒட்டிக்கொண்டு, வாசிக்கவிடாமல் மறிக்கின்றன, அல்லது சிதையச் செய்கின்றன. சில தூதுகளின் மடிப்பை அவிழ்த்து வாசிக்க வழிவிடுவதும் உண்டு. காலராக் கிருமிகள் எண்ணிக்கையில் குறைவாக இருக்கும்போது, கியூ.ஆர்.ஆர். என்னும் நான்கு சிறு ஆர்.என்.ஏ.க்கள் 'ஹேப்-ஆர்' புரதத்தின் தூதை அடக்குகின்றன. நோயூட்டும் மரபணுக்களுக்குப் பூட்டுப் போடுவது அந்தப் புரதம்தான். அது குறைந்தால் பூட்டுத் திறக்கிறது. எழுத்துப் பொருத்தத்தாலேயே பிழைக்கும் ஒன்றைக் குறியீடற்றது என்பது அநியாயம்.

'கோட்' என்பதன் வேர் லத்தீன் 'காடெக்ஸ்': மரத்தண்டு. அதுவே எழுதும் பலகையாகி, ஏடாகி, சட்டத் தொகுப்பாகி, சங்கேதமானது. நம் ஓலை சுவடியானதைப் போலத்தான். ஆர்.என்.ஏ.வின் 'ஆர்' இன்னும் சுவையானது. அது ரைபோஸ் என்னும் சர்க்கரையைக் குறிக்கிறது. வேலம்பிசின் சர்க்கரையான அராபினோஸின் பெயரில் எழுத்துகளை மாற்றிப்போட்டு 1891இல் எமில் ஃபிஷர் உண்டாக்கிய பெயர் அது. திருமங்கலம் பக்கத்துக் கண்மாய்களில் நிற்கும் நாட்டுக் கருவேலமும் அந்தப் பிசின் மரங்களின் உறவுதான். சீமைக் கருவேலம் வேறு.

'நான்-கோடிங்' என்பதற்குப் 'புரதமாகா' என்பதே என் பரிந்துரை. 'ஆகாத' என்பதன் ஈறு கெட்டு 'ஆகா' ஆனது. மதுரையின் வையை ஆற்றை இளங்கோவடிகள் 'பொய்யாக் குலக்கொடி' என்றாரே, அந்தப் 'பொய்யா'வும் இதே எதிர்மறைப் பெயரெச்சம். ஆற்றங்கரையில் பிறந்த பிள்ளைக்கு இலக்கணத்தை வேறெங்கும் தேடிக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

மறுநாளே அவள் ஒரு விதிவிலக்கோடு வந்தாள். சீழ்ப்புண் உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸில் ஆர்.என்.ஏ.-மூன்று என்று ஒன்று உண்டு. நீளம் 514 எழுத்துகள். பல நச்சுப் புரதங்களின் உற்பத்தியை நெறிப்படுத்துவதோடு, 26 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு நச்சாகத் தானும் வாசிக்கப்படுகிறது. அதை மட்டும் 'நெறிப்படுத்தும் ஆர்.என்.ஏ.' என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.