பெனரில் கறுப்பு பாதியில் வெளிறினால் முதலில் எங்கே பார்ப்பது?

ஆடி அமாவாசை நெருங்கினால் மட்டக்களப்பில் பெனர் அடிக்கிற கடைகளுக்கு இரவு பகல் தெரியாது. மாமாங்கத் தீர்த்தம், அன்னதானம், தண்ணீர்ப் பந்தல் என்று ஓடர் வந்துகொண்டே இருக்கும், வெளியே கச்சான் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும், பிரின்டரும் அந்த நேரம் பார்த்துத்தான் சண்டித்தனம் பண்ணும். அப்படி ஒரு நாள் திருகோணமலை வீதிப் பக்கம் ஒரு கடையிலிருந்து ஒரு தம்பி பிரின்டர் திருத்துகிற எனக்கு ஃபோன் எடுத்தார்.

"அண்ணே, டெஸ்ட் பிரின்ட் அடிச்சா எல்லாக் கோடும் வருது. பெனர் மூணு அடி போனதும் கறுப்பு வெளிறிப் போகுது. ஆறு தரம் கிளீனிங் குடுத்திட்டன், இன்னும் மோசமாப் போகுது."

விடை அவருடைய முதல் இரண்டு வசனத்திலேயே இருந்தது. மை பாய்கிற நுண்ணிய ஓட்டைதான் நொசில், டெஸ்ட் பிரின்டில் ஒவ்வொரு நொசிலும் ஒரு கோடு போடும். அது அடைத்திருந்தால் தொடக்கத்திலேயே அதன் கோடு வராது. அடைத்த ஓட்டை மூன்று அடிக்கு மட்டும் திறந்து கொடுத்துவிட்டுப் பிறகு மூடாது. ஆகவே ஓட்டையில் பிழை இல்லை, ஓட்டைக்கு மை வந்து சேரும் வழியில்தான் பிழை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, நொசில்கள் வரிசையாக இருக்கிற ஹெட்டுக்குள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நொசில் என்பது 20, 30 மைக்ரோன் அகலமுள்ள ஓட்டை, தலைமயிரின் தடிப்பில் பாதிகூட வராது. அதற்குப் பின்னால் ஒரு சின்ன மை அறை, அதன் சுவரில் பீசோ என்கிற ஒரு வகைப் பீங்கான். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டார்கள். இங்கே அதையே மறுபக்கமாகச் செய்கிறோம், மின்சாரத்தைக் கொடுத்துச் சுவரை அசைக்கிறோம். சுவர் ஒரு துடிப்புத் துடிக்க ஒரு சொட்டு வெளியே பாயும்.

பலர் நினைப்பதுபோல மையை யாரும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு இருப்பதில்லை. உண்மையில் அதை மெல்லப் பின்னுக்கு இழுத்துத்தான் வைத்திருக்கிறோம். இளநீர் குடிக்கிற குழாயின் மேல்வாயை விரலால் மூடித் தூக்கிப் பாருங்கள், உள்ளே நிற்கிற நீர் கீழே விழாது, கீழ்வாயில் ஒரு சின்ன வளைவோடு அப்படியே தொங்கி நிற்கும். ஒவ்வொரு நொசிலின் வாயிலும் மை அப்படித்தான் நிற்க வேண்டும். அதற்காகத்தான் எக்கோ சொல்வென்ட் என்கிற வகை மை போடுகிற பல மெஷின்களில் மை மட்டம் ஹெட்டைவிடக் கீழே இருக்கிறது. 10 சென்ரிமீற்றர் கீழே இருந்தால் ஏறத்தாழ 1 கிலோபஸ்கால் இழுவை கிடைக்கும், அதாவது காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு. பெரிய பிளெக்ஸ் மெஷின்களில் இந்த வேலையை ஒரு சின்ன வெக்கியூம் பம்ப் செய்யும். இழுவை குறைந்தால் மை பெனரில் சொட்டும். கூடினால் அந்த வளைவு உடைந்து நொசில் வழியாகக் காற்று உள்ளே போய்விடும்.

சொட்டு வெளியேறினால் அந்த இடத்தை உடனே புது மை வந்து நிரப்ப வேண்டும். 512 நொசில் உள்ள ஒரு ஹெட், 42 பிகோலீற்றர் சொட்டு, வினாடிக்கு 7,000 தரம் என்று கணக்குப் போட்டால் இடைவிடாமல் அடிக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 9 மில்லிலீற்றர் மை வேண்டும். டெஸ்ட் பிரின்டுக்கு அதில் ஒரு துளி போதும். படுவான்கரையில் வயல் செய்கிறவர்களுக்கு இது நன்றாக விளங்கும்: வாய்க்காலில் மண் அடைத்திருந்தாலும் முதல் நாள் கடைசி வயல் ஈரமாகத்தான் இருக்கும், எல்லாரும் சேர்ந்து தண்ணீர் எடுக்கத் தொடங்கிய பிறகுதான் அது காயும். ஹெட்தான் அந்தக் கடைசி வயல். போத்தல், பில்டர், ஹெட்டோடு சேர்ந்து அசைகிற செயினுக்குள் மடங்கி மடங்கி ஓடுகிற ரியூப், ஹெட்டுக்கு மேலே இருக்கிற டம்பர் என்கிற சின்ன மைப்பெட்டி, இவ்வளவையும் தாண்டித்தான் மை அங்கே வருகிறது. இதில் டம்பரை நான் முக்கியமாகச் சொல்வேன், ஹெட் அங்கும் இங்கும் ஓடும்போது மை குலுங்காமல் அந்த அதிர்வைத் தாங்குவது அதன் பக்கத்திலுள்ள மெல்லிய தாள்தான், அதற்குள்ளேயும் ஒரு நுண்வலை இருக்கிறது, அது பழசானால் அடைக்கும்.

சரி, தம்பியிடம் ஒன்றே ஒன்றுதான் செய்யச் சொன்னேன். கறுப்பு வெளிறியதும் பிரின்டை நிறுத்துங்கள், எந்தப் பொத்தானையும் தொடாமல் பத்து நிமிடம் விடுங்கள், பிறகு கிளீனிங் இல்லாமல் டெஸ்ட் பிரின்ட் எடுங்கள். கோடுகள் தானாகத் திரும்பி வந்தால் மை இறுக்கமான ஓர் இடத்தால் கசிந்து வந்து டம்பரை மெல்ல நிரப்பியிருக்கிறது என்று அர்த்தம். முழுவதும் இல்லாவிட்டாலும் பெரும்பாலான கோடுகள் வந்தன.

போய்ப் பார்த்தேன். ரியூப் நசியவில்லை, டம்பரின் தாள் மட்டும் உள்ளே ஒட்டி நின்றது. கறுப்புப் போத்தலின் மூடியில் ஊசிமுனை அளவு ஒரு காற்றுத் துவாரம் இருக்கும், கச்சான் புழுதி விழக்கூடாது என்று நல்ல மனதோடு யாரோ அதற்கு மேல் டேப் ஒட்டியிருந்தார்கள். டேப்பை உரித்ததும் உஸ் என்று காற்று உள்ளே போன சத்தம் கேட்டது. மை வெளியேற வெளியேற அந்த இடத்துக்குக் காற்று வரவில்லை, போத்தலுக்குள் இழுவை ஏறிக்கொண்டே போயிருக்கிறது. கிளீனிங் என்பது ஒரு பம்ப் நொசில் வழியாக மையை உறிஞ்சி எடுப்பதுதான். அந்த நிலையில் அதைக் கொடுத்தால் கீழேயிருந்து பம்ப் உறிஞ்சும், மேலேயிருந்து மை வராது, டம்பர் இன்னும் வெறுமையாகும், உறிஞ்சி முடிந்ததும் போத்தலின் இழுவை நொசில் வழியாகவே காற்றை இழுக்கும். ஆறு தரமும் நடந்தது அதுதான். அதனால்தான் காரணம் தெரியுமுன் கிளீனிங் பொத்தானை அழுத்தாதீர்கள் என்று எல்லாரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

காற்று உள்ளே போனதற்கும் ஓர் அடையாளம் உண்டு. ஒரு தரம் இந்தக் கோடு இல்லை, அடுத்த தரம் அது வந்து வேறொன்று இல்லை. சுவர் தள்ளுகிற தள்ளு சொட்டுக்குப் போகாமல் குமிழியை நசிப்பதிலேயே முடிந்துவிடுகிறது. அங்கே டம்பர் மூட்டுகளில் உள்ள ரப்பர் வளையங்களைப் பார்க்க வேண்டும். நாட்கணக்காக அதே இடத்தில் அதே கோடு இல்லையென்றால் அது அடைப்பு. அந்த மைக்குரிய கிளீனிங் திரவத்தில் ஊறவிடுங்கள், சிரிஞ்சால் அழுத்தித் தள்ளாதீர்கள், அடைப்புப் போகுமுன் ஹெட் போய்விடும்.

அப்புறம் கேப், அதாவது அடிக்காத நேரம் ஹெட் போய் உட்காருகிற மூடி. கச்சானில் திறந்து கிடக்கிற நொசில் காய அதிக நேரம் எடுக்காது, அதைக் காப்பாற்றுவது கேப் மட்டும்தான். அதன் ரப்பர் வாய் இறுகினாலோ ஓரத்தில் காய்ந்த மை நின்றாலோ மூடுவதும் பொய், உறிஞ்சுவதும் பொய். கேப்பில் கிளீனிங் திரவத்தை நிரப்பி ஐந்து நிமிடம் பாருங்கள், மட்டம் இறங்கினால் கீழே கசிவு. பிறகு பம்பை ஓடவிட்டால் முழுவதும் வற்ற வேண்டும், வற்றாவிட்டால் பம்ப் ரியூப் தேய்ந்திருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கறண்ட் வெட்டினார்களே, அந்த மாதிரி நேரத்தில் ஹெட் பெனருக்கு நடுவில் நின்றுவிட்டால் மூட ஆளில்லை. ஹீட்டர்களைத் தவிர்த்து மெஷினை மட்டும் ஒரு யூபிஎஸ்ஸில் போட்டு வையுங்கள், ஹெட் போய்க் கேப்பில் உட்காரும்வரை தாங்கினால் போதும்.