தாளில் 11, திரையில் 12

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருவர் கேட்கிறார்: "தொகை + ஏற்று(தொகை) என்ற வரிக்குத் தாளில் 11 என்று விடை போட்டேன். கணினி 12 என்கிறது. எது சரி?"

நம் பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பம் படிப்பவர்கள் டெல்ஃபி என்ற மொழியில் நிரல் எழுதுகிறார்கள். அதன் வேர், நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கல் மொழி. அதில் சார்புக்கு, அதாவது ஒரு வேலையைச் செய்து விடை தரும் நிரல் துண்டுக்கு, ஒரு மாறியை (மதிப்பை வைத்திருக்கும் பெயரிட்ட இடத்தை) சாதாரணமாகக் கொடுத்தால் மதிப்பின் நகல்தான் போகும். மூலத்துக்கு ஒன்றும் ஆகாது. அளவுருவின் (கொடுப்பதைச் சார்புக்குள் பெற்றுக்கொள்ளும் பெயரின்) முன்னால் 'வார்' என்று அறிவித்துவிட்டால் மாறியின் நினைவக முகவரியே போய்ச் சேரும். உள்ளே எழுதுவதெல்லாம் மூலத்திலேயே எழுதப்படும். அந்த இடத்தில் வெறும் 7 என்று கொடுத்தால் கம்பைலர் (நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும் மென்பொருள்) மறுப்பதும் இதனால்தான்.

மாணவியின் 'ஏற்று', வார் அளவுருவில் ஒன்றைக் கூட்டி, புதிய மதிப்பை விடையாகவும் தருகிறது. தொகை 5. இடமிருந்து வலமாகப் போனால் முதலில் 5, பிறகு 6, ஆக 11. சார்பை முதலில் அழைத்தால் தொகையே 6 ஆகிவிடும்; 6 + 6 = 12.

கணினி ஏன் வலப்பக்கம் முதலில் போக வேண்டும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இடப்பக்கத்து 5ஐ ரெஜிஸ்டரில் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடத்தில்) எடுத்து வைத்தால், சார்பை அழைக்கும்போது அந்த ரெஜிஸ்டர் அழிந்துபோகலாம். அதைக் காப்பாற்ற வேறோர் இடத்தில் சேமித்து, திரும்ப எடுக்க வேண்டும். சார்பை முதலில் முடித்துவிட்டால் அந்த வேலையே இல்லை. கையில் உள்ள விடையுடன் நினைவகத்தில் இருக்கும் தொகையைக் கூட்டினால் போதும். கம்பைலர் சிக்கனம் பார்க்கிறது. அதற்கு அந்த உரிமையும் உண்டு: கூட்டலின் இரு பக்கங்களில் எதை முதலில் கணக்கிடுவது என்பதை பாஸ்கலுக்கான ஐஎஸ்ஓ 7185 என்ற சர்வதேசத் தரநிலை கம்பைலரின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. ஆகவே இரண்டு விடைகளும் செல்லும்.

இப்படிப்பட்ட நேரத்தில் "கணினிக்கு நேரம் சரியில்லை" என்று மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. காரணம் இருக்கிறது, தேடினால் கிடைக்கும். புதிய கணினி வாங்கப் பணம் ஒதுக்குவதைவிட, இதைக் கரும்பலகையில் பொறுமையாக விளக்கும் ஆசிரியருக்குப் பயிற்சி தரச் செலவிடுவதே மேல் என்பேன்.

அடா என்ற இன்னொரு நிரல் மொழி, சார்புகள் தம் அளவுருக்களை இப்படி மாற்றுவதை 2012ஆம் ஆண்டுப் பதிப்பு வரும்வரை அனுமதிக்கவே இல்லை. பாஸ்கலில் அந்தக் கட்டுப்பாட்டை நாமே வைத்துக்கொள்ளலாம். மாற்றும் வேலையை ஒரு புரொசீஜராக (விடை எதையும் திருப்பித் தராத நிரல் துண்டாக) எழுதித் தனி வரியில் அழைத்துவிட்டு, அடுத்த வரியில் தொகை + தொகை என்று கூட்டினால் எந்தக் கம்பைலரிலும் 12தான்.