செடி வளர்ப்பு விளக்கில் ஒளியைக் குறைக்கும் குமிழ்

வீட்டிலேயே எல்.இ.டி. செடி வளர்ப்பு விளக்கு செய்பவர்கள் ஒளியைக் கூட்டிக் குறைக்க விரும்பும்போது, விளக்குக்குப் போகும் கம்பியை வெட்டி நடுவே ஒரு மாறுமின்தடையை, அதாவது திருப்பத் திருப்பத் தடை மாறும் குமிழை, செருகினால் போதும் என்றே பெரும்பாலும் முதலில் எண்ணுகிறார்கள். எல்.இ.டி.க்கு மின்சாரம் வழங்கும் கருவியான டிரைவர், நிலையான மின்னோட்டம் தரும் வகையாக இருந்தால், அப்படிச் செய்வதால் ஒளி சற்றும் குறையாது. பாதையில் 10 ஓம் தடை வந்தவுடன், டிரைவர் தன் மின்னழுத்தத்தை உயர்த்தி, முன்பு ஓடிய அதே 1.4 ஆம்பியரைத் தொடர்ந்து ஓட்டும். அந்த மின்தடையோ ஏறத்தாழ 20 வாட்டை வெப்பமாக ஏற்க வேண்டியிருக்கும். கால் வாட் தாங்கும் சிறு குமிழ் ஒன்று அதில் சில நொடிகளிலேயே கருகிவிடும்.

டிரைவர் இவ்வளவு பிடிவாதமாக மின்னோட்டத்தைக் காப்பதற்குக் காரணம் எல்.இ.டி.யின் இயல்புதான். வெள்ளை எல்.இ.டி. ஒன்று ஏறத்தாழ 3 வோல்ட்டில் ஒளிர்கிறது. அந்த எல்லைக்கு அருகில் மின்னழுத்தம் சிறிதளவு கூடினாலும் மின்னோட்டம் பன்மடங்காகப் பெருகும். போதாக்குறைக்கு, எல்.இ.டி. சூடாகச் சூடாக அதற்குத் தேவைப்படும் மின்னழுத்தம் குறைந்துகொண்டே போகும். ஆகவே மின்னழுத்தத்தை மட்டும் நிலையாக வைத்தால், சூடு மின்னோட்டத்தைக் கூட்ட, கூடிய மின்னோட்டம் மேலும் சூட்டைக் கூட்டி, இறுதியில் எல்.இ.டி. அழிந்துபோகலாம். ஒளியின் அளவை முடிவு செய்வது மின்னோட்டமே என்பதால், ஒளியைக் குறைக்க வேண்டுமானால் எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்று டிரைவரிடமே சொல்ல வேண்டும்.

அதைச் சொல்வதற்காகவே, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வசதியுள்ள டிரைவர்களில் இரண்டு மெல்லிய கம்பிகள் தனியே வெளியே வருகின்றன. அவற்றை டிம் பிளஸ், டிம் மைனஸ் என்று குறித்திருப்பார்கள். பரவலாகப் புழங்கும், மீன்வெல் நிறுவனத்தின் எச்.எல்.ஜி. வரிசையின் பி வகை டிரைவர்களில், டிம் பிளஸ் வழியாக 100 மைக்ரோஆம்பியர் அளவிலான மிகச் சிறிய மின்னோட்டம் வெளிவருகிறது. இரு கம்பிகளுக்கும் இடையே 100 கிலோஓம் தடையை வைத்தால், ஓமின் விதிப்படி அதன் குறுக்கே 10 வோல்ட் நிற்கும்; டிரைவர் அதை முழு ஒளி என்று புரிந்துகொள்கிறது. 50 கிலோஓம் என்றால் 5 வோல்ட், அதாவது பாதி மின்னோட்டம். குமிழ் சுமப்பது வெறும் ஒரு மில்லிவாட் என்பதால், மிகச் சாதாரணமான மாறுமின்தடையே போதும். ஆனால் அது, திருப்பும் அளவுக்கேற்பத் தடை சீராக மாறும் நேர்கோட்டு வகையாக இருக்க வேண்டும். ஒலிக்கருவிகளுக்கான மடக்கை வகையைப் போட்டால், மாற்றம் முழுவதும் சுழற்சியின் ஒரு பக்கத்திலேயே ஒதுங்கிவிடும்.

ஒரே குமிழால் இரண்டு டிரைவர்களை இயக்கும்போது பலர் தடுமாறுகிறார்கள். டிம் பிளஸ்களை ஒன்றாகவும் டிம் மைனஸ்களை ஒன்றாகவும் சேர்த்துவிட்டு, அதே 100 கிலோஓமை வைத்தால், பாதிச் சுழற்சியிலேயே ஒளி முழுமை அடைந்து, மீதிப் பாதி பயனற்றுப் போகும். இரு டிரைவர்களும் சேர்ந்து 200 மைக்ரோஆம்பியர் அனுப்புவதால், 50 கிலோஓமிலேயே 10 வோல்ட் வந்துவிடுவதுதான் காரணம். எனவே 100 கிலோஓமை டிரைவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, இரண்டுக்கு 50, நான்குக்கு 25 என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

குமிழின் மூன்று கால்களில் இரண்டே தேவை. தண்டு நம்மை நோக்கியும் கால்கள் கீழ்நோக்கியும் இருக்கும்படி பிடித்து, இடது காலையும் நடுக்காலையும் இணைத்தால், வலஞ்சுழியாகத் திருப்பும்போது ஒளி கூடும். டிம் மைனஸும் எல்.இ.டி.க்குப் போகும் எதிர்முனையும் பெயரளவில் ஒன்றுபோலத் தோன்றினாலும், இந்த டிரைவர்களில் அவற்றை ஒருபோதும் இணைக்கக் கூடாது.

குமிழை முற்றிலும் குறைத்தால் விளக்கு அணைந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இத்தகைய டிரைவர்கள் பல, 10 சதவீதத்துக்குக் கீழே எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு உறுதி தருவதில்லை; சில வேளை விளக்கு மினுக்கும். குமிழோடு தொடராக ஒரு 10 கிலோஓம் தடையைச் சேர்த்துவிட்டால் குறைந்த அளவு 1 வோல்ட்டிலேயே நின்றுவிடும் என்பதால், ஒற்றை டிரைவர் விளக்குகளில் இதை நான் எப்போதும் பரிந்துரைப்பேன். அணைப்பதற்குத் தனிச் சுவிட்ச் வேண்டும். டிம் கம்பி அறுந்துபோனால் டிரைவர் அதை முழு ஒளி என்றே எடுத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்; நாற்றுகளுக்கு மேலே தொங்கும் விளக்கில் அது சிறிய ஆபத்து அன்று.

நேரக்கட்டுப்பாட்டுக்கு மைக்ரோகன்ட்ரோலரை, அதாவது நிரலால் இயங்கும் சிறு சில்லை, பயன்படுத்துவோர், குமிழுக்குப் பதிலாக 10 வோல்ட் துடிப்புகளை அனுப்பலாம்; துடிப்பு உயர்ந்து நிற்கும் நேரத்தின் விகிதமே ஒளியின் அளவு. கன்ட்ரோலர் தருவது 3.3 அல்லது 5 வோல்ட்தான் என்பதால், நடுவே, ஒளி வழியாகக் குறிப்பைக் கடத்தும் ஓர் ஆப்டோகப்ளர் வைக்கப்படுகிறது. அது இயங்கும்போது டிம் பிளஸின் மின்னழுத்தத்தைக் கீழே இழுப்பதால் கணக்கு தலைகீழாகும். நிரலில் அதை ஈடுசெய்ய வேண்டும்.

குமிழைத் திருப்புவது ஒளியைக் குறைக்குமே தவிர, மின்னழுத்தத்தைப் பெரிதாகக் குறைக்காது. பல சில்லுகள் ஒரே தட்டில் அமைந்த 36 வோல்ட் சி.ஓ.பி. எல்.இ.டி. மூன்றைத் தொடராக இணைத்தால் வரும் 108 வோல்ட், மின்னோட்டம் பத்தில் ஒரு பங்கானாலும் சிறிதளவே இறங்கும். மங்கலாக எரிகிறது என்று இணைப்புகளைத் தொட்டுவிடக் கூடாது. தண்ணீர் ஊற்றும் இடத்தில் இருக்கும் விளக்கு என்பதால், வெப்பத்தை வெளியேற்றும் உலோக ஹீட் சிங்க்கை எர்த்துடன் இணைப்பதும், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சை வைப்பதும் இன்றியமையாதவை.

குமிழை எந்த அளவில் நிறுத்துவது என்பதை நம் கண் சொல்லாது. ஒளி பாதியாகக் குறைந்தாலும் கண்ணுக்கு அது சற்றே மங்கியதாகத்தான் தெரியும். செடிக்கு முக்கியம், ஒரு நாளில் இலைமீது விழும் ஒளித்துகள்களின் மொத்த எண்ணிக்கை; அதை மோல் என்ற அலகில் கணக்கிடுகிறார்கள், அதன் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோமோல். சதுர மீட்டருக்கு நொடிக்கு 200 மைக்ரோமோல் வீதம் 16 மணி நேரம் எரிந்தால் நாளொன்றுக்கு 11.5 மோல் கிடைக்கும். லெட்யூஸ் போன்ற கீரைகளுக்கு அது ஏறக்குறையப் போதும். தக்காளிக்கு 20 மோலுக்கு மேல் வேண்டும் என்பதால் அதே நேரத்துக்கு 400 மைக்ரோமோல் அளவுக்கு ஏற்ற வேண்டும். மைக்ரோமோலில் அளவு காட்டும் ஒளிமானியை இலைகளின் உயரத்தில் ஒருமுறை வைத்து அளந்து, குமிழைச் சுற்றி 100, 200, 400 என்று கோடுகள் போட்டுவிட்டால், விளக்குக்கும் இலைகளுக்கும் இடையிலான தூரம் மாறும் வரை அந்தக் கோடுகளையே நம்பலாம்.